நிலவை அளந்த நிழற்படக் கலைஞர்

கலைக்கும் கணக்குக்கும் வெகுதூரம் என்னும் எண்ணம் நம்மிடையே ஆழ ஊறிக் கிடக்கிறது. இயற்பியல் வகுப்பில் இருபது ஆண்டுகளுக்கு மேல் நின்று பேசிவரும் நான், ஒவ்வோர் ஆண்டும் இதைக் காண்கிறேன். கவிதை எழுதும் மாணவன் சூத்திரத்தைக் கண்டு அஞ்சுகிறான். சூத்திரத்தைப் போடும் மாணவியோ தனக்குக் கலை வராது என்று தானே முடிவு கட்டிக்கொள்கிறாள். இதைவிடக் கேடான இன்னோர் எண்ணமும் உண்டு. உயர்ந்தவர்கள் எல்லாரும் அதிர்ஷ்டத்தால் உயர்ந்தார்கள், நமக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை என்பதே அது. தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்த பிள்ளைகளின் வாயிலிருந்து இந்தச் சொல்லைக் கேட்கும்போதெல்லாம் என் மனம் வருந்தும்.

இவ்விரண்டு எண்ணங்களுக்கும் ஒருசேர விடை கூறும் வாழ்க்கை ஒன்று உண்டு. அமெரிக்க நாட்டின் புகழ்பெற்ற நிழற்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸின் வாழ்க்கையே அது. பாலை நிலத்து நகரம் ஒன்றின் அருகே, ஒரு மாலையில், ஒரே ஒரு வினாடியில் அவர் எடுத்த நிலவின் படம் உலகப் புகழ் பெற்றது. அது அதிர்ஷ்டமா, ஆயத்தமா என்னும் கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டு அவருடைய வாழ்வை நோக்குவோம், வாருங்கள்.

பிறப்பும் இளமையும்

1902ஆம் ஆண்டு பிப்ரவரி 20ஆம் நாள் சான் பிரான்சிஸ்கோ நகரில் ஆன்சல் பிறந்தார். பாட்டனார் காலத்தில் மர வாணிகத்தால் செழித்த குடும்பம் அது. 1906இல் அந்நகரை நிலநடுக்கம் உலுக்கியது. முதல் அதிர்ச்சிக்குத் தப்பிய நான்கு வயதுச் சிறுவன், அடுத்து வந்த அதிர்ச்சியில் தோட்டச் சுவரில் மோதி மூக்கை உடைத்துக்கொண்டான். அந்தக் கோணல் மூக்கு கடைசிவரை அவருடைய முகத்தில் இருந்தது. 1907இல் ஏற்பட்ட பொருளாதார நெருக்கடியில் குடும்பத்தின் செல்வமும் கரையத் தொடங்கியது.

பள்ளிப் படிப்பு அவருக்கு ஒத்துவரவில்லை. ஓரிடத்தில் அமைதியாக உட்கார முடியாத பிள்ளை அவர். வேறு தந்தையாக இருந்தால் அடித்திருப்பார். அல்லது தலையில் அடித்துக்கொண்டிருப்பார். சார்லஸ் ஆடம்ஸ் அவ்வாறு செய்யவில்லை. மகனைப் பள்ளியிலிருந்து நிறுத்தி வீட்டிலேயே கற்பித்தார். 1915இல் நகரில் நடந்த உலகப் பொருட்காட்சிக்கு ஆண்டு முழுவதும் சென்றுவர அனுமதிச் சீட்டு வாங்கிக் கொடுத்து, அதையே பள்ளியாக ஆக்கினார். பன்னிரண்டு வயதில் தானாகவே பியானோ வாசிக்கத் தொடங்கிய மகனுக்கு நல்ல ஆசிரியர்களையும் அமர்த்தினார்.

அந்தத் தந்தைக்கு வானியலில் தீராத ஆர்வம். பசிபிக் வானியல் கழகத்தின் செயலாளராகப் பிற்காலத்தில் நெடுநாள் தொண்டாற்றியவர் அவர். தந்தையும் மகனும் ஒரு சிறு தொலைநோக்கியின் வழியே வானைக் கண்டார்கள். ஹாமில்டன் மலைமீதுள்ள லிக் வானாய்வகத்துக்கும் சென்று வந்தார்கள். நிலவின் ஒளியைக் கணக்கிட்டுப் படமெடுத்த கலைஞரின் பிள்ளைப் பருவத்தில் ஒரு தொலைநோக்கி இருந்தது என்பதை நான் இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

மலையும் கருவியும்

1916இல் நோயுற்றுப் படுத்திருந்த ஆன்சலின் கையில் சியரா நெவாடா மலைகளைப் பற்றிய பழைய புத்தகம் ஒன்று கிடைத்தது. படித்த பிள்ளை, அந்த மலைகளைப் பார்த்தே தீர வேண்டும் என்று அடம் பிடித்தான். அவ்வாண்டு ஜூன் மாதம் குடும்பம் யோசெமிட்டிப் பள்ளத்தாக்குக்குச் சென்றது. அங்கே தந்தை ஒரு கோடாக் பாக்ஸ் பிரவுனி கேமராவை மகனிடம் கொடுத்தார். மிக எளிய பெட்டிக் கருவி அது. அதைக் கையில் வாங்கியவர், அதன்பின் வாழ்நாளில் ஓர் ஆண்டுகூட யோசெமிட்டிக்குப் போகாமல் இருந்ததில்லை.

கருவி கையில் கிடைத்ததும் அவர் செய்த அடுத்த வேலை என் மனத்தைக் கவர்ந்தது. படங்களைக் கழுவி அச்சிடும் ஒரு கடையில் பகுதிநேர வேலைக்குச் சேர்ந்தார். என் தாய்மாமன் ஒருவர் எங்கள் ஊரில் ஸ்டுடியோ வைத்திருந்தார். சிவப்பு விளக்கு எரியும் இருட்டறையில், தட்டிலுள்ள டெவலப்பரில் வெள்ளைத் தாள் மெல்ல முகமாக மாறுவதைச் சிறுவயதில் வியப்போடு பார்த்தவன் நான். படம் என்பது பொத்தானை அழுத்துவதோடு முடியவில்லை, அங்கேதான் தொடங்குகிறது என்பதை இருட்டறையில் நின்றவர்கள் அறிவார்கள். ஆடம்ஸ் அதைப் பதினைந்து பதினாறு வயதிலேயே அறிந்துகொண்டார்.

ஆனாலும் அவருடைய நோக்கம் பியானோக் கலைஞராவதே. கோடையில் யோசெமிட்டியில் சியரா சங்கத்தின் விடுதிக் காப்பாளராக இருந்தார். மலையில் விரல் பயிற்சி கெட்டுவிடுமே என்று, ஓவியர் ஹாரி பெஸ்ட் என்பவரின் கூடத்தில் இருந்த பியானோவை நாடிச் சென்றார். அங்கே அவருடைய மகள் வர்ஜீனியாவைக் கண்டார். 1928 ஜனவரியில் இருவருக்கும் திருமணம் நடந்தது.

திருமணத்துக்கு முந்திய ஆண்டு, 1927 ஏப்ரல் 10ஆம் நாள், அவருடைய வாழ்வில் ஒரு திருப்பம் நிகழ்ந்தது. ஹாஃப் டோம் என்னும் மாபெரும் பாறையின் முகத்தைப் படமெடுக்கக் கனத்த சுமையை முதுகில் ஏற்றிக்கொண்டு பனியில் மலையேறினார். பாறையின் எதிரே போய்ச் சேர்ந்தபோது அவரிடம் எஞ்சியிருந்தவை இரண்டே கண்ணாடித் தகடுகள். மஞ்சள் பில்டரை லென்சில் பொருத்தி முதல் தகட்டில் படமெடுத்தார். எடுத்தவுடன் ஓர் ஐயம் தோன்றியது. கண்முன் நிற்கும் பாறையின் கம்பீரம் தாளில் வருமா? வராது என்று மனக்கண்ணால் கண்டார். எஞ்சிய ஒற்றைத் தகட்டுக்கு ஆழ்ந்த சிவப்பு பில்டரைப் பொருத்தினார். நீல ஒளியைச் சிவப்புக் கண்ணாடி தடுத்துவிடும் அல்லவா? ஆகவே வானம் கறுத்தது. பாறை ஓங்கி நின்றது. படமெடுக்கும் முன்பே முடிந்த படத்தை மனத்துள் காணும் இந்தப் பயிற்சியே அவருடைய கலைக்கு அடித்தளம் ஆயிற்று.

பாலை நகரம்

அதே 1927இல்தான் அவர் நியூ மெக்ஸிகோவுக்கு முதன்முதலில் சென்றார். ஆல்பர்ட் பெண்டர் என்னும் கலை ஆர்வலர் அவரை அழைத்துச் சென்றார். அம்மாநிலத்தின் தலைநகரான சாண்டா ஃபே நானூறு ஆண்டுகளுக்கு மேல் பழமையுடைய ஊர். கடல் மட்டத்திலிருந்து சுமார் 7,000 அடி உயரத்தில் அமைந்த உயர்பாலை நகரம். ஆண்டு மழை சுமார் 14 அங்குலமே. களிமண்ணும் வைக்கோலும் கலந்த பச்சைச் செங்கல்லால் கட்டிய வீடுகள், கிழக்கே சாங்கிரே டி கிரிஸ்டோ மலைத்தொடர், மேற்கே ஹேமஸ் மலைகள், இடையே ரியோ கிராண்டே ஆறு. காற்றில் ஈரமும் தூசும் குறைவு. அதனால் பகலில் நிழல் கத்திபோல் விழும். இரவில் விண்மீன்கள் கைக்கெட்டும் அளவில் தோன்றும்.

இந்த ஒளி ஆடம்ஸை ஆட்கொண்டது. அங்கு வாழ்ந்த எழுத்தாளர் மேரி ஆஸ்டினுடன் சேர்ந்து, பழங்குடி மக்களின் தாவோஸ் குடியிருப்பைப் பற்றி 1930இல் ஒரு நூல் வெளியிட்டார். 108 படிகள் மட்டுமே உருவான அந்நூலில், அவர் கையால் அச்சிட்ட 12 படங்கள் இடம்பெற்றன.

அவ்வாண்டு தாவோஸில் பால் ஸ்டிராண்ட் என்னும் மூத்த கலைஞரைச் சந்தித்தார். ஸ்டிராண்டிடம் அப்போது காட்டுவதற்குப் பிரிண்ட் எதுவும் இல்லை, நெகட்டிவ்களே இருந்தன. ஜன்னல் வெளிச்சத்தில் வெள்ளைத் தாளின்மேல் வைத்து ஆடம்ஸ் அவற்றைப் பார்த்தார். ஒளியும் இருளும் தலைகீழாகத் தெரியும் அந்த நெகட்டிவ்களே அவருடைய மனத்தை முடிவு செய்துவிட்டன. பல ஆண்டுகள் பாடுபட்டுப் பயின்ற பியானோவைப் பிழைப்பாகக் கொள்ளும் எண்ணத்தை விட்டார். நாட்டில் பெரும் பொருளாதார மந்தம் பரவிய நேரம் அது. அந்த நேரத்தில் கேமராவை நம்பி வாழ முடிவு செய்வது சிறிய துணிவா?

பியானோவில் கழித்த ஆண்டுகள் வீணாகவில்லை என்றே நான் கருதுகிறேன். சுருதிக்குத் துல்லியம் வேண்டும். பயிற்சிக்குப் பொறுமை வேண்டும். இரண்டையும் அவர் கேமராவுக்குக் கொண்டுவந்தார்.

ஒளியின் சுரவரிசை

1930களின் இறுதியில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரக் கலைப்பள்ளி ஒன்றில் ஆசிரியராக இருந்தபோது, பிரெட் ஆர்ச்சர் என்னும் சக ஆசிரியரோடு சேர்ந்து அவர் ஒரு முறையை வகுத்தார். மண்டல முறை என்று அதைத் தமிழில் சொல்லலாம். முழுக் கருமையைச் சுழியம் என்றும், தாளின் முழு வெண்மையைப் பத்து என்றும் வைத்து, இடையில் உள்ள சாம்பல் நிறங்களை ஒன்று முதல் ஒன்பது வரை படிகளாகப் பிரித்தார்கள். ஒரு படி ஏறினால் ஒளி இரு மடங்கு. ஒரு படி இறங்கினால் பாதி. நடுச் சாம்பல் ஐந்தாம் படி.

காட்சியின் எந்தப் பகுதி எந்தப் படியில் விழ வேண்டும் என்று கலைஞன் முதலில் தீர்மானிக்கிறான். பிறகு ஒளிமானியால் அளக்கிறான். அதற்கேற்பத் துளையையும் நேரத்தையும் வைக்கிறான். நெகட்டிவைக் கழுவும் முறையையும் அதற்கேற்ப மாற்றுகிறான். சுரவரிசையைப் படித்தவன் மெட்டமைப்பதுபோல, ஒளிவரிசையை அறிந்தவன் படம் அமைக்கிறான்.

ஹெர்னாண்டஸ் மாலை

1941இல் அமெரிக்க உள்துறை அமைச்சகம், தன் சுவர்களை அலங்கரிக்கத் தேசியப் பூங்காக்களையும் இயற்கைக் காட்சிகளையும் பெரிய படங்களாக எடுத்துத் தரும் பணியை அவரிடம் ஒப்படைத்தது. இலையுதிர் காலத்தில் எட்டு வயது மகன் மைக்கேலையும் நண்பர் செட்ரிக் ரைட்டையும் காரில் ஏற்றிக்கொண்டு தென்மேற்குப் பாலைக்குப் புறப்பட்டார். சாண்டா ஃபேக்கு வடக்கே சாமா பள்ளத்தாக்கில் ஒரு நாள் முழுவதும் அலைந்தும் படம் மனம்போல் அமையவில்லை. அழகிய மரத்தின் அடிக்கட்டை ஒன்றோடு போராடித் தோற்று, மாலையில் நகரை நோக்கித் திரும்பிக்கொண்டிருந்தார்.

ஹெர்னாண்டஸ் என்னும் சிற்றூரை நெருங்கியபோது இடப்பக்கம் திரும்பிப் பார்த்தார். கிழக்கே பனி மூடிய மலைகள். அவற்றின்மேல் மேகத்தின் ஒரு கோடு. அதற்கும் மேலே, நிறைவுக்குச் சற்றே குறைந்த நிலவு. கீழே மண் வீடுகளும் சிறு தேவாலயமும். தேவாலயத்தின் இடுகாட்டில் நின்ற வெள்ளைச் சிலுவைகள், மேற்கே மறையப்போகும் கதிரவனின் கடைசி ஒளியில் சுடர்ந்தன. காரைச் சாலையோரம் நிறுத்தினார். மகனும் நண்பரும் ஆளுக்கொரு பொருளை எடுத்துக் கொடுக்க ஓடினார்கள். பத்து அங்குலத்துக்கு எட்டு அங்குலம் அளவுள்ள பெரிய பிலிம் போடும் கேமரா அது. காலைப் பொருத்தி, லென்ஸை மாட்டி, கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக் காட்சியைக் கூர்மைப்படுத்தி முடித்தபோது ஒளிமானியைக் காணவில்லை. கதிரவனோ மேகத்துக்குள் நழுவிக்கொண்டிருந்தான்.

நம்மில் யாராக இருந்தாலும் அப்போது குத்துமதிப்பாக ஒரு நேரம் வைத்துப் பொத்தானை அழுத்தியிருப்போம். ஆடம்ஸுக்கு ஒரு எண் நினைவுக்கு வந்தது. நிலவின் ஒளிர்வு சதுர அடிக்கு 250 கேண்டில். கதிரவனின் ஒளியில் நனையும் பாறைக் கோளம்தான் நிலவு. நமக்கு இரவானாலும் அதற்குப் பகலே. ஆகையால் அதன் ஒளிர்வை ஒரு முறை அறிந்தவன் மறுபடி அளக்காமலே கணக்கிட முடியும்.

அந்தக் கணக்கை நானும் கரும்பலகையில் போட்டுப் பார்த்திருக்கிறேன். நிலவை ஏழாம் படியில் வைத்தால், ஐந்தாம் படிக்கு அதில் நான்கில் ஒரு பங்கு, அதாவது ஏறக்குறைய 60 கேண்டில். பிலிமின் வேகம் 64. அதன் வர்க்கமூலம் 8. எனவே துளை எண் 8 என்றால் நேரம் ஒரு வினாடியில் அறுபதில் ஒரு பங்கு. லென்ஸில் பொருத்திய மஞ்சள் பில்டர் ஒளியை மூன்றில் ஒன்றாகக் குறைக்கும். ஆகவே இருபதில் ஒரு பங்கு. முன்னும் பின்னும் கூர்மையாகத் தெரியத் துளை எண் 32 வேண்டும். 8இலிருந்து 32க்குப் போனால் ஒளி பதினாறில் ஒன்று. இருபதில் பதினாறு, சுமாராக ஒரு வினாடி. ஒரு வினாடியில் நிலவு நகர்ந்து மங்கிவிடாதா என்று கேட்கலாம். வானில் நிலவு தன் விட்டத்தளவு நகர இரண்டு நிமிடம் ஆகும். ஒரு வினாடியில் விட்டத்தில் நூற்றிருபதில் ஒரு பங்கே நகரும். கண்ணுக்குத் தெரியாது.

கணக்கு முடிந்தது, திரை திறந்து மூடியது. பாதுகாப்புக்காக இன்னொரு படம் எடுக்கலாம் என்று பிலிம் கூட்டைத் திருப்பினார். அதற்குள் சிலுவைகளின்மேல் இருந்த ஒளி மறைந்துவிட்டது. கிடைத்தது ஒரே நெகட்டிவ்.

அந்த ஒற்றை நெகட்டிவும் எளிதாகப் பணியவில்லை. நிலவு பிரகாசமாகவும் தரை இருண்டும் இருந்ததால், வீரியம் குறைந்த டெவலப்பரிலும் தண்ணீரிலும் மாற்றி மாற்றி வைத்துப் பொறுமையாகக் கழுவினார். தரைப்பகுதி போதிய அடர்த்தி பெறாததால், 1948இல் அந்தப் பகுதியை மட்டும் இரசாயனத்தால் வலுப்படுத்தினார். தொடக்கத்தில் அச்சிட்ட பிரிண்ட்களில் வானம் வெளிறியிருக்கும், மேகங்கள் தெரியும். ஆண்டுகள் செல்லச் செல்ல வானத்தை மேலும் மேலும் கறுக்கச் செய்தார். ஒரே நெகட்டிவிலிருந்து நாற்பதாண்டுக் காலம் தம் மனக்கண்ணில் கண்ட வானத்தைத் தேடிக்கொண்டிருந்தார் அவர்.

நாள் குறித்த வானம்

இவ்வளவு கணக்குப் பார்த்தவர், படமெடுத்த நாளைக் குறித்து வைக்கவில்லை என்பது வேடிக்கை. 1940 என்றும், 1944 என்றும், இடைப்பட்ட ஆண்டுகள் என்றும் பல இடங்களில் பலவாறு கூறினார். கடைசியில் விடை தந்தது வானியலே. நிலவு எந்த நாளில், எந்த நேரத்தில், அந்த இடத்திலிருந்து பார்த்தால் அதே உயரத்தில், அதே திசையில் நின்றிருக்கும்? டேவிட் எல்மோர் என்னும் அறிஞர் கணிப்பொறியின் துணையோடு 1941 அக்டோபர் 31 என்று கணித்தார். ஆடம்ஸும் அதை ஏற்றுக்கொண்டார். அவர் மறைந்த பின் டென்னிஸ் டி சிக்கோ என்னும் வானியல் எழுத்தாளர் மீண்டும் ஆராய்ந்து, 1941 நவம்பர் 1, மாலை 4 மணி 49 நிமிடம் 20 வினாடி என்று 1991இல் வெளியிட்டார்.

யோசெமிட்டியில் ஆடம்ஸ் எடுத்த இலையுதிர்கால நிலவுப் படம் ஒன்றை டெக்சாஸ் மாநிலப் பேராசிரியர் டொனால்ட் ஓல்சன் ஆராய்ந்து, அது 1948 செப்டம்பர் 15 என்று கண்டார். பத்தொன்பது ஆண்டுகளுக்கு ஒரு முறை அதே தேதியில் ஏறக்குறைய அதே பிறை வரும். மூன்று பத்தொன்பது ஐம்பத்தேழு. எனவே 2005 செப்டம்பர் 15இல் அதே காட்சி திரும்பும் என்று அறிவித்தார்கள். அந்த மாலையில் பலர் அந்த மலைமுகப்பில் கேமராக்களோடு கூடி நின்றார்கள். பஞ்சாங்கம் கணித்த நம் முன்னோர் இதைக் கண்டு வியந்திருக்க மாட்டார்கள், நாம்தான் வியக்கிறோம்.

திட்டமிடும் கலை

சாண்டா ஃபேயைச் சுற்றி நிலத்தையும் வானையும் ஒரே படத்தில் பிடிக்க விரும்புவோர் இன்றும் ஆடம்ஸ் கற்பித்த வழியிலேயே சிந்திக்கிறார்கள். பௌர்ணமி அன்று நிலவு ஏறத்தாழக் கதிரவன் மறையும்போது எழுகிறது. ஒவ்வொரு நாளும் சராசரியாக 50 நிமிடம் தாமதமாகும். ஆகவே பௌர்ணமிக்கு ஒன்றிரண்டு நாள் முன், கதிரவன் மறையுமுன்பே நிலவு கிழக்கில் ஏறியிருக்கும். தரைக்கும் நிலவுக்கும் ஒளி ஓரளவு ஒத்துவரும் நேரம் அதுதான். ஹெர்னாண்டஸில் ஆடம்ஸுக்குக் கிடைத்தது அத்தகைய மாலையே.

விண்மீன்களை விரும்புவோர்க்கு நேர்மாறான கணக்கு. அமாவாசையை ஒட்டிய இரவு வேண்டும். பால்வீதியின் அடர்ந்த நடுப்பகுதி அங்கே கோடையில் தெற்கு வானில் தெரியும். ஆனால் ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் பருவ மழை மேகம் குறுக்கிடும். பூமி மணிக்கு 15 பாகை சுழல்வதால், கேமராவின் கண்ணை நெடுநேரம் திறந்து வைத்தால் புள்ளியாக இருக்க வேண்டிய விண்மீன் கோடாகிவிடும். பாலையில் கோடை இரவும் குளிரும். 7,000 அடி உயரத்தில் மூச்சும் வாங்கும். பகலிலேயே சென்று இடத்தைப் பார்த்துவைக்காதவன் இருளில் தடுமாறுவான். இக்கணக்குகள் அனைத்தையும் இன்று கைப்பேசியே போட்டுத் தருகிறது. காத்திருப்பதை மட்டும் அது நமக்காகச் செய்யாது.

காத்திருப்பதில் ஆடம்ஸ் எப்படிப்பட்டவர் என்பதற்கு 1944இல் நடந்த ஒன்று சான்று. கலிபோர்னியாவின் வறண்ட ஓவன்ஸ் பள்ளத்தாக்கில், லோன் பைன் என்னும் ஊரிலிருந்து சியரா மலைமேல் விடியல் படுவதை எடுக்க விரும்பினார். குளிர்காலத்தில் நான்கு விடியற்காலைகள் காத்திருந்து ஏமாந்தார். ஐந்தாம் நாள் விடியலில் மலை ஒளிர்ந்தது. முன்புறத்தில் மேய்ந்த குதிரை கேமராவுக்குப் பின்புறத்தைக் காட்டி நின்றது. ஒளி விலகுமுன் கடைசி நேரத்தில் அது பக்கவாட்டில் திரும்பியது. அந்த நொடியில் படம் பதிவாயிற்று. குதிரை திரும்பியது அதிர்ஷ்டம் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஐந்தாம் நாளும் அங்கே போய் நின்றவனுக்கே குதிரை திரும்பியது.

மனிதரும் மண்ணும்

உலகம் போரிலும் வறுமையிலும் தவிக்கும்போது பாறையையும் நிலவையும் படமெடுப்பதா என்று அவர் காலத்திலேயே குறை கூறியோர் உண்டு. அந்தக் கேள்வியை நாம் தள்ளிவிடக் கூடாது. லோன் பைனுக்குச் சிறிது தொலைவில், அதே பாலையில், மன்சனார் என்னும் தடுப்பு முகாம் இருந்தது. ஜப்பானிய வம்சாவளியினர் என்னும் ஒரே காரணத்துக்காக, பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மக்களைப் போர்க்காலத்தில் அங்கே அடைத்து வைத்திருந்தார்கள். அவர்களில் மிகப் பலர் அமெரிக்கக் குடிமக்கள். 1943இல் ஆடம்ஸ் அங்கே சென்று அவர்களின் முகங்களைப் படமெடுத்தார். அவர்களும் நிகரான குடிமக்களே என்று வாதிடும் நூலை, போர் முடியுமுன்பே, 1944இல் வெளியிட்டார். அதற்கு எதிர்ப்பும் எழுந்தது. அந்தப் படங்களை விற்றுப் பொருள் தேடாமல் நாடாளுமன்ற நூலகத்துக்கு நன்கொடையாக அளித்தார். முகாமின் முள்வேலியையும் காவல் கோபுரங்களையும் அவருடைய படங்கள் போதிய அளவு காட்டவில்லை என்னும் குறையும் உண்டு. ஆயினும் பலர் வாய்மூடி இருந்த வேளையில் அவர் பேசினார்.

பாறையின் படமும் வீண்போகவில்லை. கிங்ஸ் கேன்யன் பகுதியைக் காக்க வேண்டி, 1936இல் தம் படங்களோடு தலைநகருக்குச் சென்று வாதாடினார். 1940இல் அது தேசியப் பூங்காவாயிற்று. சியரா சங்கத்தின் ஆட்சிக் குழுவில் 1934 முதல் 1971 வரை 37 ஆண்டுகள் பணியாற்றினார். 1980இல் நாட்டின் மிக உயர்ந்த குடிமக்கள் விருதான சுதந்திரப் பதக்கம் அவருக்குக் கிடைத்தது. 1984 ஏப்ரல் 22ஆம் நாள், தம் 82ஆம் வயதில் மறைந்தார். சியரா நெவாடாவில் ஒரு வனப்பகுதியும் ஒரு சிகரமும் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றன.

இன்னொரு சிறப்பும் உண்டு. 1977இல் விண்ணில் செலுத்திய இரண்டு வாயேஜர் கலங்களிலும் பொன் முலாம் பூசிய தட்டு ஒன்று உள்ளது. பூமியைப் பற்றி அறியாதார்க்கு அறிவிக்கும் படங்கள் அதில் பதிவாகியுள்ளன. ஆடம்ஸின் படங்களும் அவற்றுள் அடங்கும். தந்தையின் தொலைநோக்கியில் வானைப் பார்த்த சிறுவனின் படங்கள், இன்று கதிரவனின் எல்லையைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கின்றன.

நமக்கு எஞ்சியிருக்கும் வானம்

ஆடம்ஸ் நின்ற சாலையோரத்தில் இன்று நின்றால் அதே காட்சி கிடைக்காது. ஊர் மாறிவிட்டது, மரங்கள் மறைக்கின்றன, மின்விளக்குகள் பெருகிவிட்டன. நியூ மெக்ஸிகோ மக்கள் 1999இல் இரவு வானைக் காக்கத் தனிச் சட்டமே இயற்றினார்கள். வெளிவிளக்குகளின் ஒளி வானை நோக்கிச் சிதறாமல் தரையை நோக்கி விழ வேண்டும் என்பது அதன் நோக்கம். வானமும் காக்க வேண்டிய செல்வமே என்பதைப் பாலை நகரத்தார் உணர்ந்திருக்கிறார்கள். இரவெல்லாம் எரியும் விளக்குகளின்கீழ் வாழும் நாம் அதை எப்போது உணர்வோம்?

தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு வருவோம். ஹெர்னாண்டஸில் நிலவும் சிலுவையும் ஒரே நேரத்தில் ஒளிர்ந்தது ஆடம்ஸ் செய்ததன்று. அந்தச் சாலையில் அன்று வேறு பலரும் போயிருப்பார்கள். நிலவு எல்லாருக்குமாகத்தான் எழுந்தது. ஆனால் 250 என்னும் எண்ணை நெஞ்சில் சுமந்து சென்றவர் ஒருவர். அந்த ஒரு வினாடிக்குப் பின்னால் ஒரு தொலைநோக்கி, ஒரு பியானோ, ஒரு பெட்டிக் கேமரா, இருட்டறையில் கழிந்த இரவுகள், இரண்டே தகடுகளோடு நின்ற ஒரு பனிமலை எனக் கால் நூற்றாண்டின் உழைப்பு இருந்தது.

மாணவச் செல்வங்களே! உங்களிடம் விலை உயர்ந்த கேமரா இல்லையென்று வருந்த வேண்டாம். அடுத்த பௌர்ணமிக்கு இரண்டு நாள் முன், கதிரவன் மறைய ஒரு மணி நேரம் இருக்கும்போதே உங்கள் ஊர் ஏரிக்கரையிலோ குன்றின் அடியிலோ போய் நில்லுங்கள். நிலவு எந்த மரத்தின் பக்கம், எத்தனை மணிக்குத் தென்பட்டது என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். மறுநாளும் சென்று எவ்வளவு விலகியது, எத்தனை நிமிடம் பிந்தியது என்று பாருங்கள். மூன்றாம் நாள் அது எழும் இடத்தை நீங்களே முன்கூட்டிச் சொல்லிவிடுவீர்கள். அந்த இடத்தில், அந்த நேரத்தில், கையில் உள்ள கருவியோடு காத்திருங்கள்.